டிராம்போன் நீண்ட தூரம்

பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வந்த ஊர்வலம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஆலை நகரம் ஒன்றில், உச்சி வெயிலில், நடுத்தெருவிலேயே நின்றுவிடுகிறது. வைக்கோல் தொப்பி அணிந்த ஆண்கள் தோளோடு தோள் ஒட்டி வழியை அடைத்திருக்கிறார்கள். ஊர்வலத்தின் வாத்தியக் குழுவில், முன்வரிசையில், மினெர்வா பெரிய முரசைச் சுமந்து நிற்கிறாள். "வீட்ல அடுப்பு அணைஞ்சிருக்கும், ஓடுங்க ஓடுங்க!" என்கிறான் ஒருவன். சுற்றிலும் சிரிப்பு. பக்கத்தில் நிற்கும் லவினியா, சலவைக்கூட வேலையில் சலவைச் சோடா பட்டு வெந்த விரல்களால், நீட்டிச் சுருக்கும் டிராம்போன் ஊதுகுழலை உயர்த்துகிறாள். "கொஞ்சம் தள்ளிக்குங்க சார். இந்தப் பாட்டுல கீழ்ச்சுரம் நிறைய. குழல் ரொம்ப தூரம் வரும்." சொல்லிவிட்டு ஊதுகிறாள். பித்தளை பளீரென்று அவன் மூக்குவரை பாய்கிறது. அவன் பின்வாங்குகிறான். அடுத்த சுரத்துக்கு அவள் ஓரடி முன்னே வைக்க, அவனுக்குப் பின்னால் நிற்பவர்களும் ஓரடி நகர்கிறார்கள். அந்த ஒலியில் கடைகளின் கண்ணாடிகள் அதிர்கின்றன; மினெர்வாவின் விலா எலும்புகளும் அதிர்கின்றன. இத்தனை வருடம் கூடவே வாசித்தும் இப்படி ஒன்றை அவள் கேட்டதில்லை. முரசை அடிக்க மறந்து பார்த்துக்கொண்டே நிற்கிறாள். மூச்சு வாங்கும் இடைவெளியில் லவினியா கத்துகிறாள்: "அடிடி மினெர்வா, நட!" முரசு முழங்குகிறது. தொப்பிகளுக்கு நடுவே ஒரு பெண் நுழையும் அளவுக்கு இடம் திறக்கிறது. அந்த இடத்துக்குள் நானூறு பெண்கள் நடக்கத் தொடங்குகிறார்கள்.