எதிர்க்காற்று

"பொம்பளை வாயில ஒரு விஷயம் ஒரு ராத்திரி தங்குமா? நான் அப்பவே சொன்னேன்" என்றான் உதயகுமார்.

நாகவல்லி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

சென்னீர்குப்பம் பஸ் ஸ்டாப் ஓரத்தில் இருந்த அவளுடைய டிபன் கடையில்தான் அந்த சைக்கிள் ரேஸ் மன்றம் கூடும். மொத்தமே நாலு பேர். பஞ்சர் கடை உதயகுமார், லோடு ஆட்டோ கோகுல்நாத், நாகவல்லி, அப்புறம் திருவேங்கடம். ஊரே கிரிக்கெட் பார்க்கும்போது இவர்கள் மட்டும் பெல்ஜியத்தில் யாரோ மிதிக்கிற சைக்கிளைப் பார்ப்பார்கள். ஆரம்பித்து வைத்தவர் திருவேங்கடம். அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி வெல்டராக இருந்தபோது அவருக்குப் பிடித்த பைத்தியம் அது.

பதினோரு வருஷமாக அவருக்கு ஒரே ஆள்தான். பேர் யார் வாயிலும் நுழையாததால் எல்லோருக்கும் அவன் 'தாடி'. கருங்கல் ரோட்டில் இருநூற்றறுபது கிலோமீட்டர், ஒரே நாளில் முடிகிற பெரிய ரேஸ். அதில் தாடி நாலு தடவை இரண்டாவதாக வந்திருக்கிறான், ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஜெயித்தால் மன்றத்துக்கே மட்டன் பிரியாணி என்று திருவேங்கடம் எப்போதோ சொல்லி வைத்திருந்தார். தாடிக்கு வயசு முப்பத்தெட்டு ஆகிவிட்டது. இதுதான் கடைசி ரேஸ்.

அன்றைக்குப் பார்த்துத்தான் திருவேங்கடத்துக்கு இப்போது பார்க்கும் வேலையில் ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் விழுந்தது.

"நாளைக்கு எனக்கு ஆஃப். வந்து ரெக்கார்டிங் பாக்குறேன். அதுவரைக்கும் யாரும் மூச்சு விடாதீங்கப்பா. முடிவு தெரிஞ்சி பாக்குறது வேற, வயிறு கலங்கிகினு பாக்குறது வேற" என்று கெஞ்சினார். எவனாவது மெசேஜ் போட்டுத் தொலைப்பான் என்று போனையே அணைத்து நாகவல்லியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதை ரவை டப்பாவுக்குள் வைத்தாள்.

"யாரு வாயைத் தொறந்தாலும் மன்றத்தை உட்டுத் தூக்கிடுவேன்" என்று சட்டம் போட்டவன் உதயகுமார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவனும் கோகுல்நாத்தும் கடைக்குள் நுழைந்தார்கள். திருவேங்கடம் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா அண்ணாத்தே, மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்று கேட்டான் கோகுல்நாத்.

"முடிவு தெரிஞ்சி போச்சிப்பா. போனை வாங்க வந்தேன், தங்கச்சி வாய் தவறிச் சொல்லிடிச்சி."

பொம்பளை வாயைப் பற்றி உதயகுமார் பேசியது அப்போதுதான்.

"சட்டம்னா சட்டம். அக்கா இனிமே மன்றத்துல கிடையாது" என்று தீர்ப்பும் சொன்னான். மன்றம் கூடுவதே அக்காவின் கடையில்தான் என்பது அந்த வேகத்தில் அவனுக்கு மறந்துவிட்டது.

"உடு மாமே. வந்தது வந்தோம், பாத்துட்டுப் போலாம்" என்று கோகுல்நாத் டிவியைப் போட்டான்.

கடைசி நாற்பது கிலோமீட்டர். தாடியின் டீம்காரன் ஒரு நெட்டை முன்னால் போய்க்கொண்டிருந்தான். எதிர்க்காற்று முழுவதையும் அவன் நெஞ்சில் வாங்கிக்கொள்ள, தாடி அவன் முதுகுக்குப் பின்னால் பதுங்கிப் பலத்தை மிச்சம் பிடித்தான்.

"இவ்ளோ மிதிக்கிறான், இவன் பேரு பேப்பர்லகூட வராது" என்றான் உதயகுமார்.

"வராட்டி இன்னா? இவன் காத்தை வாங்கலன்னா தாடி ஏது?" என்றார் திருவேங்கடம். குரலில் உயிரே இல்லை.

கடைசி கிலோமீட்டரில் நெட்டை துவண்டு ஒதுங்கினான். தாடியும் ஒரு இளவட்டமும் மட்டும் மிச்சம். திருவேங்கடம் எழுந்துவிட்டார்.

"என்னால முடியலப்பா. நீங்க பாருங்க."

"உக்காருங்கண்ணே. கோடு தாண்டுற வரைக்கும் பாருங்க" என்றாள் நாகவல்லி.

அவர் நின்றபடியே பார்த்தார். இளவட்டம் முந்தினான். தாடி பக்கவாட்டில் வந்தான். இரண்டு பேரும் சேர்ந்தே கோட்டைத் தாண்டினார்கள். திரையில் திரும்ப ஒரு தடவை மெதுவாகக் காட்டினார்கள். தாடியின் டயர் நாலு விரற்கடை முன்னால் இருந்தது.

திருவேங்கடம் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். ஐம்பத்து நாலு வயசு மனுஷன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்புறம் சிரித்தார்.

"ரெண்டாவதுன்னு சொன்னியே, தங்கச்சி?"

"தப்பா சொல்லிட்டேன் போலண்ணே."

உதயகுமாருக்குக் கோபம் தலைக்கேறியது. "தப்பாவா? நேத்து எங்களோட உக்காந்து பாத்துகினு தானே இருந்தே? அந்த மனுஷனை இவ்ளோ நேரம் வேக வெச்சிட்டியே. இன்னாக்கா விளையாட்டு இது?"

நாகவல்லி அவன் தட்டில் இன்னொரு வடையை வைத்தாள்.

திருவேங்கடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உதயகுமாரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்பா உதயா, காலையில நான் பஸ்ஸை உட்டு எறங்கும்போது பைக்ல போய்கினே ஏதோ கேட்டியே, இன்னா கேட்டே?"

"நானா? இன்னா கேட்டேன்?"

"'பிரியாணி எப்போ அண்ணாத்தே'ன்னு."

உதயகுமாரின் கை வடையோடு அப்படியே நின்றது.

"தாடி ஜெயிச்சிட்டான்னு அதுலயே எனக்குப் புரிஞ்சி போச்சி. பதினோரு வருஷம் காத்துகினு இருந்து, நடுரோட்டுல தெரிஞ்சிகினோமேன்னு மனசே உட்டுப் போச்சி. உள்ள வந்தா தங்கச்சி சொல்லுது, 'அவன் உங்களைக் கலாய்க்கிறான்ணே, ரெண்டாவது வந்ததுக்கு எவனாச்சும் பிரியாணி போடுவானா'ன்னு. நான் நம்பிட்டேன்."

நாகவல்லி கல்லில் அடுத்த தோசையை ஊற்றினாள்.

"ஆறிடப் போவுது, சாப்பிடு தம்பி" என்றாள்.

"நெட்டை பேரு பேப்பர்ல வராதுன்னியே" என்றார் திருவேங்கடம். "காலையிலருந்து உனக்கு வர வேண்டிய காத்தையெல்லாம் யாரு முன்னாடி நின்னு வாங்கிகினு கீறாங்கன்னு பாரு."