சிலந்தி அளந்த ஈரல்

ஒரே ஒரு ஊரில் ஒரு மிட்டாய்க் கடையும் ஒரு ஸ்கேன் அறையும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தன. சுவருக்குள் வேலப்பன் என்ற எலி குடியிருந்தது. அதற்கு மூன்று வேளையும் மைசூர்பாகுதான். ஸ்கேன் அறை மூலையில் வலை கட்டியிருந்த சிலம்பாயி என்ற சிலந்திக்கு எலியின் தொப்பையைப் பார்த்துப் பார்த்துக் கவலை. ஒரு மத்தியானம் நச்சரித்து அதை ஸ்கேன் பெட்டி முன் படுக்க வைத்தது.

திரையில் ஈரல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. "பார்வைக்குக் குறை ஒண்ணும் இல்லையே," என்றது பெட்டி.

"கேட்டுக்கிட்டியா தாயி? ஆளை விடு," என்று எலி எழுந்தது.

"இரு மாமா."

சிலந்தி நூலைப் பிடித்துத் திரையில் இறங்கியது. வலை கட்டிப் பழகிய கால்களுக்கு இடைவெளிக் கணக்கு தவறாது. ஒரு கால் நீளத்துக்கு எத்தனை புள்ளி என்று எண்ணிக்கொண்டே போனது. ஐந்து, ஐந்து, ஐந்து. ஓரத்தில் மட்டும் ஒன்பது. மறுபடி அளந்தாலும் ஒன்பதேதான். எட்டுக் கால்களும் துள்ளின.

"அகப்பட்டுச்சு மாமா! இங்கே புள்ளியெல்லாம் நெருக்கியடிச்சு நிக்குது. வீங்க ஆரம்பிக்கிற ஈரல் இப்படித்தான் இருக்கும், தினமும் பார்க்கிறேனே. எல்லாம் அந்த நெய் பண்ற வேலை."

"என் ஈரல் வீங்குது, உனக்குக் கொண்டாட்டமா?"

"வீங்குறதுக்கா ஆடுறேன்? முத்துறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதே, அதுக்கு ஆடுறேன். இப்ப வாயைக் கட்டினா பழையபடி ஆயிடும்."

எலி மிட்டாய்க் கடைக்குள் போய் மைசூர்பாகுத் தட்டின் முன் நின்றது. சிலந்தி சுவர் ஓட்டை வழியாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தட்டுக்கும் அதன் மூக்குக்கும் நடுவே இருந்த தூரத்தைக் கண்ணாலேயே அளந்தது. ஒரு கால் நீளம். அதில் பாதி. அப்புறம் இரண்டு, ஐந்து, பத்து. எலி வாசல் பக்கமாக நடந்துகொண்டிருந்தது.