பொய் சொன்ன தரகர்

“பொய்தான் சொல்லுவேன், மேடம்.”

நிஷாந்தியின் பதிலைக் கேட்டதும் மங்களேஸ்வரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

கண்டியிலுள்ள வீடு-காணித் தரகர்களின் சங்கம் அனுமதிப்பத்திரம் வழங்குவதற்காக நடத்தும் வாய்மொழிப் பரீட்சை அது. வகுப்புகளை முடித்து, எழுத்துப் பரீட்சையிலும் தேறியவர்களே அந்த அறைக்குள் வரமுடியும். கேள்வி கேட்பவர்கள் இருவர். ஒருவர், காணித் துறையில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற மங்களேஸ்வரி. சங்கத்தின் ஒழுக்க விதிகளை எழுதியவரும் அவரே. மற்றவர், நகரத்தின் பழைய தரகர் மஹ்ரூப்.

அந்தப் பதில் வரும்வரை எல்லாம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

“ஒரு காணியை ஆளுக்குக் காட்ட முன்னம் எதைப் பார்ப்பீர்?” என்று மங்களேஸ்வரி தொடங்கியிருந்தார்.

“காணி உறுதி, நில அளவைப் படம், பதிவுத் தோம்பு மூணையும் பார்ப்பேன் மேடம். காணி யார் பேர்ல இருக்கு, அடகுல இருக்கான்னு தெரியணும்.”

“சரிவில கட்டின வீடு எண்டால்?”

“மண்சரிவு அறிக்கை வேணும். அது இல்லாம யாரையும் கூட்டிட்டுப் போக மாட்டேன்.”

“மழை பெய்யக்கொள்ள ஒருக்காப் போய்ப் பாக்கவும் வேணும் புள்ள. வெயில்ல பாத்தா எல்லாம் நல்ல வீடுதான்” என்றார் மஹ்ரூப்.

நிஷாந்தி சிரித்துவிட்டாள். அனுமதிப்பத்திரம் கிடைத்தால் கட்டுகஸ்தோட்டையில் ஒரு நிறுவனத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. கிடைக்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த பரீட்சைக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் மங்களேஸ்வரி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“வாடகைக்கு வீடு தேடி ஒரு பிள்ளை வாறா. வீட்டுக்காரர் உம்மை மட்டும் உள்ளுக்குக் கூப்பிட்டு, இன்ன ஆக்களுக்கு வீடு தரமாட்டன் எண்டு சொல்லுறார். பிள்ளை வாசலில நிக்கிறா. என்ன செய்வீர்?”

“அந்த வீட்டுக்காரருக்கு இனிமே ஆள் தேடிக் குடுக்க மாட்டேன், மேடம். விதியில அப்படித்தான் இருக்கு.”

“ஓம், சரி. வாசலில நிக்கிற பிள்ளைக்கு என்ன சொல்லுவீர்?”

அதற்குத்தான் நிஷாந்தி அப்படியொரு பதிலைச் சொன்னாள்.

“என்ன பொய்?” என்றார் மங்களேஸ்வரி.

“வீடு ஏற்கனவே போயிருச்சாம்னு சொல்லுவேன்.”

“விதிகளைப் படிச்சனீரோ?”

“படிச்சேன் மேடம். வாடிக்கையாளர்கிட்ட உண்மையை மறைக்கக் கூடாது.”

“பிறகென்ன? தெரிஞ்சுகொண்டே பிழையான மறுமொழி சொல்லுறீர்!”

“உண்மையைச் சொன்னா மட்டும் அவளுக்கு வீடு கிடைக்கவா போகுது மேடம்? அவமானந்தான் மிச்சம்.”

“அவ முறைப்பாடு செய்யலாம். பத்துப் பேருக்குச் சொல்லலாம். தனக்கு நடந்தது என்னவெண்டு அறிய அவவுக்கு உரிமை இருக்கு. அதை மறைக்க நீர் ஆர்?”

நிஷாந்தி சற்று யோசித்தாள்.

“உரிமை இருக்குதான் மேடம். நாளைக்கு நானே கூப்பிட்டு எல்லாத்தையும் சொல்லலாம். ஆனா அந்த நேரம் அவ ரோட்டுல நிக்கிறா. போறவங்க வாறவங்க பாக்குறாங்க. அழாம நடந்துபோய் பஸ் ஏறணுமே.”

“பொய் எண்டு அவவுக்குத் தெரிய வந்தால்? தரகரைப் பற்றி என்ன நினைப்பா?”

“தெரிஞ்சாலும் நம்பின மாதிரியே நிப்பா, மேடம். பாவம், இந்த மனுசன் நம்ம மனசு நோகக் கூடாதுன்னுதானே சொல்றாருன்னு நினைச்சுக்குவா.”

தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோன மஹ்ரூப், குடிக்காமலே கீழே வைத்தார்.

“நல்ல நியாயம்! இதை உமக்கு ஆர் படிப்பிச்சது?” என்றார் மங்களேஸ்வரி.

நிஷாந்தி எவர் முகத்தையும் பார்க்காமல் குனிந்துகொண்டாள்.

“கடைசியாக் கேக்கிறன். மறுமொழியை மாத்துறீரோ? மற்றதெல்லாம் திறமாய்ச் சொன்னனீர். இதையும் சரியாச் சொன்னால் பத்திரத்தைக் கையோட கொண்டு போகலாம்.”

“இல்ல மேடம். மாத்தினா அதுதான் பொய்யாயிரும்.”

“அப்ப நீர் போகலாம்.”

இருவருக்கும் வணக்கம் சொல்லி, கதிரையை ஓசைப்படாமல் உள்ளே தள்ளிவிட்டு அவள் வெளியேறினாள்.

“கெட்டிக்காரப் பிள்ளைதான். ஆனால் பொய்யை நியாயப்படுத்திற ஆளுக்கு நான் பத்திரம் குடுக்கேலாது” என்றவாறு மங்களேஸ்வரி பேனாவை எடுத்தார். “எந்த இடத்துப் பிள்ளை?”

“கலஹாப் பக்கம். தேயிலைத் தோட்டத்திலிருந்துதான் நாளும் பஸ்ஸில வருது. டவுனுல தங்க ஒரு இடமும் கெடைக்கல்லயாம்.”

“ஓ… அதுதானே பாத்தன்.”

மஹ்ரூப் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“மேடம், எழுத முந்தி ஒண்டு சொல்லோணும். அதுக்கு இந்தப் பொய்யப் படிச்சுக் குடுத்தது நான்தான்.”

“நீங்களோ? எப்ப?”

“போன மாசம் வாடகைக்கு உங்கட மேல்வீட்டப் பாக்க ஒரு ஆளக் கூட்டிட்டு வந்தேனே, ‘தோட்டத்து ஆக்களுக்குத் தரேலாது’ எண்டு உள்ளுக்கு நிண்டு சொன்னீங்களே, அண்டைக்கு வாசல் கேட்டுக்கு வெளியில நிண்ட புள்ள இதுதான். நீங்க சொன்னது அதுக்குக் கேக்கல்ல எண்டுதான், மேடம், இந்த நேரம் வரைக்கும் நான் நெனச்சிட்டு இருந்தேன்.”