தரையில் ஓடிய காவிரி

"சார், காலைப் புடிச்சுக் கேக்கறேன். நானா வாயே தொறக்க மாட்டேன். ஓரமா உக்காந்துக்கறேன்." இளவேனில் கும்பிட்டபடி நின்றாள்.

புவியியல் ஆசிரியர் ஜெய்சங்கருக்கு எரிச்சல். "அதிகாரி வர்ற அன்னைக்கு லீவு போடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

போன வாரம்தான் அவள் அம்மா வீராயியை, தில்லை நகரில் கட்டட வேலையிலிருந்து வரவழைத்து, வகுப்பு மொத்தத்துக்கும் முன்னால் சொல்லியிருந்தார். "இது பொண்ணு இல்லம்மா, செங்கல்லு. மண்டைக்குள்ள ஒண்ணும் ஏறாது. நீ தூக்கற கல்லோட இதையும் சேத்துத் தூக்கிட்டுப் போ."

வீராயி சிமென்ட் அப்பிய முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்று நடப்பது செயல்வழி வகுப்பு. அதிகாரிக்குப் பிடித்துப்போனால் ஜெய்சங்கருக்கு விருது. சுவரோரம் குடகு மலை, வாசலோரம் கடல் என்று வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் காவிரி வரைந்திருந்தார். கரை நெடுகப் பிள்ளைகள். இளவேனிலைத் தவிர ஆளுக்கு ஒரு பதில். அதையே உருப்போட வைத்திருந்தார்.

"கேள்வி என்னன்னு யோசிக்காதீங்க. மலையிலேர்ந்து வரிசையா வருவேன். முறை வந்தா அவங்கவங்க பதிலைச் சொல்லணும், புரியுதா?"

வெளியே கார் சத்தம். "சரி, போய்த் தொலை. கடல் பக்கம் கடைசியா உக்காரு" என்று இளவேனிலிடம் சொல்லிவிட்டு ஓடினார்.

அதிகாரி சபீனாவோடு அவர் திரும்பி வந்தபோது, இளவேனில் குடகு மலையில் உட்கார்ந்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அவளைத் தாண்டி, முதல் பதிலை உருப்போட்டிருந்த மீரானிடம் போனார்.

"அந்தப் பொண்ண ஏன் விட்டுட்டீங்க?" என்றார் சபீனா.

வேறு வழியில்லை. "காவிரி எங்க பொறக்குது?"

"குடகு மலையில சார்" என்றாள் இளவேனில். ஜெய்சங்கருக்கு மூச்சு வந்தது. அடுத்து மீரான்.

"ஸ்ரீரங்கத்துக்கு வடக்க ஓடற ஆறு எது?"

"குடகு மலை சார்!" என்றான் மீரான், கணீரென்று.

"டெல்டாவுல அதிகமா என்ன விளையுது?"

"கொள்ளிடம் சார்!" என்றாள் ப்ரீத்தி.

ஜெய்சங்கர் அவசரமாக அடுத்த பையனிடம் தாவினார். "பொன்மலைப் பட்டறையில என்ன ரிப்பேர் பண்றாங்க?"

"நெல்லு சார்!" என்றான் சித்தார்த்தன்.

சபீனா பேனாவை மூடினார். "நாடகம் நல்லா இருக்கு சார். பாடம் எப்ப நடத்துவீங்க?"

கார் கிளம்பிப் போனதும் ஜெய்சங்கர் இளவேனில் மேல் பாய்ந்தார். "என்னடி பண்ணித் தொலைச்ச?"

அவள் சீருடையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"செங்கல்ல எடுத்து வரிசைத் தலையில வெச்சேன் சார்."