புள்ளிக்கு அப்புறம் மூன்றாவது எண்

“உங்க லொகேஷன் என்னைப் பின்தெருவுல கொண்டுபோய் விட்டுடுச்சும்மா. எனக்கு முன்னாடி வந்த ஆளுங்களும் இதே புலம்பல்தான்.”

பார்சல்காரன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. வேலைக்குப் புதுசு.

“அதுவும் எதுக்கு? ஒத்த நூல்கண்டுக்கு. எதிர்க்கடையில இல்லையா?”

அம்மாள் பார்சலை வாங்கிக்கொண்டாள்.

“அங்க ஒரு பெரியவர். சுவரைப் பிடிச்சுக்கிட்டு வந்து கதவைத் திறக்கவே அஞ்சு நிமிஷம். தண்ணி குடின்னார். எந்த ஊருப்பான்னார். அப்புறம்தான் உங்க வீட்டுக்கு வழி சொன்னார். இன்னைக்கோட எனக்கு ரெண்டு லேட்டு. இன்னொண்ணு ஆச்சுன்னா நாளையிலிருந்து வராதேன்னுடுவாங்க.”

அம்மாளின் முகம் மாறியது. “வேலையே போயிடுமா?”

“பின்னே? போனைக் கொடுங்க, சரி பண்ணிடுறேன்.”

வாசலில் நின்றபடி, மேப்பில் அம்மாளின் வீட்டின்மேல் விரலை அழுத்திப் பிடித்தான். சிவப்புக் குறி விழுந்தது. கீழே இரண்டு நீள எண்கள்.

“இது அட்சரேகை, இது தீர்க்கரேகை. பூமியில உங்க வாசலுக்குன்னு இருக்கிற எண். நீங்க கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறதைப் பாருங்க. புள்ளிக்கு அப்புறம் மூணாவது எண்ல ஒண்ணு கூட இருக்கு. அதுக்கே நூறு மீட்டர் தள்ளிடும்.”

“என் மகன் வந்திருந்தப்போ சரியாத்தான் போட்டுக் கொடுத்தான்.”

“அப்போ யாரு மாத்தினா?”

“நான்தான்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “வெயில்ல அலையுறவங்களைப் பார்த்தா உங்களுக்கு விளையாட்டா இருக்காம்மா?”

“மாடியில துணி காயப்போடுறப்போ அவர் வாசல் தெரியும் தம்பி. சம்சாரம் போனதிலிருந்து அந்தக் கதவு திறக்கிறதே இல்லை. நானும் ஒண்டியா இருக்கிறவ. நான் போய்த் தட்டினா தெரு நாலு விதமாப் பேசும். யாரையாவது அனுப்புன்னு கடவுளைக் கேட்டுப் பார்த்தேன். யாரும் வரலை. அதான் நானே அனுப்பினேன்.”

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“நீ மாத்திடுப்பா. உன் பொழைப்பைக் கெடுத்து எனக்கென்ன புண்ணியம்?”

மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அதன் பிறகு அம்மாள் துணி காயப்போடப் போனபோதெல்லாம் பார்த்தாள். கதவு சாத்தியே இருந்தது.

அடுத்த வாரம் அவனே வந்தான், ஒரு ஊசிப் பாக்கெட்டோடு. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே.

“நேரா வந்துட்டே போலிருக்கு” என்றாள் அம்மாள். குரலில் சுரத்தே இல்லை.

“ஆமாம்மா, லேட்டே இல்லை. இன்னைக்குக் கடைசிப் பார்சலும் உங்களோடதுதான்.” வண்டியைப் பின்தெருப் பக்கம் திருப்பினான். “இனிமேதான் பெரியவர்கிட்ட போய் உங்க வீட்டுக்கு வழி கேட்கணும்.”