மனுதாரர் கடை

அந்த ஆள் குனிந்து, கல்லாவுக்குக் கீழே காலி டின்கள் நிரம்பி வழிந்த கூடையைக் கைப்பேசியில் படம் எடுத்தான். குளிர்பெட்டிக்குப் பின்னால் நின்ற மதிவாணன் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கஸ்தூரி, பாத்தியா? நேத்தும் இவன்தான் வந்தான். இன்ஸ்பெக்டர்தான் லா, சந்தேகமே இல்ல," என்று மனைவியின் காதில் முணுமுணுத்தார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பானம் வாங்குகிறவர்களிடம் டின்னுக்கும் போத்தலுக்கும் இருபது காசு முன்பணம் பிடித்து, காலியாகத் திரும்பி வந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்து, காலிகளைக் கடையிலேயே சுத்தமாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. அதை எதிர்த்துக் கடைக்காரர் சங்கம் ஜொகூர் பாரு நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. மனுவில் முதல் பெயர், குளுவாங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் மதிவாணன்.

'இடமில்லை, நாற்றம் தாங்கவில்லை, ஈயும் எறும்பும் மொய்க்கின்றன. சின்னக் கடைகளால் இதைச் சமாளிக்கவே முடியாது' என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டிருந்தார். பொய் இல்லை. கடை அப்படித்தான் கிடந்தது.

ஆனால் வழக்கு முடியும்வரை சட்டம் சட்டம்தான். இந்தக் கூடையின் படம் ஒன்று போதும், வழக்குப் போட்ட கோபத்தில் அதிகாரிகள் உரிமத்தையே பிடுங்கிவிடுவார்கள்.

அன்று மத்தியானம் சங்கத்தின் வக்கீல் அப்துல் பாசித் போனில் கூப்பிட்டார். "அண்ணே, உங்க வாக்குமூலம் மட்டும் பத்தாது. ஜோடிச்சதுன்னு யாரும் வாயத் திறக்க முடியாத மாதிரி, விசாரணை வரைக்கும் விடாம ஆதாரம் சேக்குறேன். நீங்க எப்பவும் போல கடையப் பாருங்க." படம் எடுக்கிற ஆளைப் பற்றி மதிவாணன் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

எப்பவும் போல இருக்க மதிவாணனால் முடியவில்லை. பின்கட்டில் அடைந்து கிடந்த சாமான்களை அள்ளி வெளியே போட்டார். டின்களை அலசிக் கவிழ்க்கக் குழாய் இழுத்தார், மூடி போட்ட தொட்டிகளை வாங்கி வரிசையாக வைத்தார். கஸ்தூரிக்குத் தரையைத் தேய்த்துத் தேய்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் அந்த ஆள் மறுபடியும் வந்தான். சோயா பால் வாங்கி, வாசலிலேயே குடித்துவிட்டு டின்னை நீட்டினான். அவன் கேட்பதற்கு முன்பே கஸ்தூரி முன்பணத்தைச் சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்தாள்.

"ஈ மொய்க்கலையாக்கா?"

"ஒண்ணுகூட இல்ல தம்பி."

"இடம் பத்தாதே?"

"தாராளமா இருக்கு. பின்னால வந்து பாருங்களேன்," என்று முந்திக்கொண்டார் மதிவாணன்.

பின்கட்டைப் பார்த்ததும் அவன் முகம் தொங்கிப்போனது. குறை கண்டுபிடிக்க முடியாத ஏமாற்றம் என்று மதிவாணன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். டின் கொடுக்க வருகிறவர்கள் அப்படியே அரிசியும் பருப்பும் வாங்கிப் போனதில் வியாபாரம்கூடக் கொஞ்சம் ஏறியிருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் அவன் திரும்பவும் வந்து நின்றான். மூலை முடுக்கெல்லாம் கைப்பேசியை நீட்டி நீட்டிப் பார்த்தான். ஒரு படமும் எடுக்கவில்லை. மதிவாணனுக்குப் பொறுமை போய்விட்டது. வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"எத்தன நாளைக்குத்தான் தம்பி இப்படி உளவு பாப்பீங்க? ஒரு குறை காட்டுங்க பாப்போம்! இந்தச் சட்டத்த என்னைய விட ஒழுங்கா நடத்துற கடை ஜொகூர்ல உண்டா?"

அவன் கைப்பேசியைப் பைக்குள் போட்டான். பக்கத்திலிருந்த அரிசி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அலமாக், ஐயையோ... என்னைய அனுப்புனதே உங்க வக்கீல்தான்ணே!"