தெர்மாக்கோல் கணினி

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சரிந்து, மேசைமேல் நிற்கும் தெர்மாக்கோல் கணினியின் மீது விழுகிறது. இன்னும் பத்து வருஷம் கழித்து வரப்போகும் கணினி எப்படி இருக்கும் என்று காட்டும் மாதிரி அது. திரை, பெட்டி, ஒலிபெருக்கி எல்லாம் ஒரே பலகைக்குள் அடங்கிவிடும் என்று கற்பனை பண்ணி, வடிவமைப்பாளர் தன் கையாலேயே அறுத்து, தேய்த்து, வெள்ளை பூசியிருக்கிறார். உள்ளே ஒரு கம்பிகூடக் கிடையாது. திரையில் யாரோ வீடியோ அழைப்பில் பேசுவதுபோல் காட்டுவதற்கு, அப்போது கைக்குக் கிடைத்த மகளின் போட்டோவை ஒட்டிவைத்திருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த முகம். மகள் இறந்த பிறகு இன்றுதான் வேலைக்கு வந்திருக்கிறார். பலகையின் மேல் படிந்த தூசியை ஊதிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருக்கிறார். கூட வேலை பார்க்கும் பெண், சுருட்டிய வேறொரு படத்தோடு வந்து பின்னால் நிற்கிறாள்.

"அண்ணே, நாளைக்கு எல்லாரும் பாக்க வர்றாங்க. இந்தப் படத்த எடுத்துட்டு வேற ஒட்டிடவா?"

"இரும்மா," என்கிறார் திரும்பாமல். "மூஞ்சில வெயில் அடிக்குது பாரு. அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்தேன்."

யார் மூஞ்சியில் என்று அவள் கேட்கவில்லை. போய்ச் சாத்துகிறாள். மங்கிய வெளிச்சத்தில் கிறீச் கிறீச்சென்று சின்னதாக ஒரு சத்தம். பலகையின் ஓரத்தில், சும்மா சுழல்வதற்காக ஊசி குத்தி மாட்டிய, ஒலியைக் கூட்டும் குமிழை அவர் விரல்கள் திருகுகின்றன. காதை முன்னால் சாய்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருகிக்கொண்டே இருக்கிறார்.